பித்தளைப் பூணும் இரும்புப் பூணும்

போன வாரம் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் எந்தப் பேச்சும் பூண்டு விலையில் ஆரம்பித்துக் காட்டுப்பன்றியில்தான் போய் முடியும். அன்றும் அப்படித்தான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு முடிவெடுத்ததை ஒருவர் சொன்னார். "நம்ம ஊருல காடு எங்க முடியுது, தோட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. இதுல மூணு கிலோமீட்டருக்கு எங்க போறது?" என்றார் இன்னொருவர். உருளைக்கிழங்கு போட்டுப் பாதியைப் பன்றிக்குக் கொடுத்த ஒரு இளைஞன், "அந்தக் காலம் மாதிரி வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்தா போதும் தாத்தா" என்று என்னைப் பார்த்தான்.

துப்பாக்கி இருந்தால் போதாது தம்பி, தோட்டாவும் சரியாக இருக்க வேண்டும் என்றேன். கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். காகிதமும் பேனாவும் தவிர வேறெதையும் பிடிக்காத குமாஸ்தா தோட்டாவைப் பற்றிப் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையும் அல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிறந்தது காரைக்காலில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் 'சொல்தா' வீடு என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ப்ரெவே வரை படித்தேன். 1962-க்குப் பிறகு அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தமிழிலும் ஆங்கிலத்திலும் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கி, அம்மாவின் ஊர்ப்பக்கம் வந்து தேர்வாணையத் தேர்வு எழுதி மதுரை கலெக்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். கல்யாணம் பூம்பாறையில். ஓய்வுக்குப் பிறகு வீடும் இங்கேயே.

வேலையில் சில வருஷம் ஆயுத உரிமப் பிரிவில் உட்கார்ந்தேன். 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது மலைக்கிராமங்களின் பதிவேடுகளைப் பிரித்து எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்றே ஒரு வாசல் உண்டு. உண்மையாகவே பயிரைக் காக்க என்றால் வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். குழலுக்குள் வரி இல்லாத, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கியைத் தற்காப்புக்குத் தரலாம். மேல்மலையில் இரண்டு வகையும் இருந்தன. பழையவர்கள் கரிமருந்தும் கேப்பும் வைத்திருந்தார்கள். கொஞ்சம் வசதியானவர்கள் பன்னிரண்டு போர் ஒற்றைக் குழல் வைத்திருந்தார்கள். என் மச்சானிடம், அதாவது மனைவியின் அண்ணனிடம் இருந்தது இரண்டாவது வகை.

மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குக் கூடு கிடையாது. மருந்து, பஞ்சு, ரவை எல்லாம் குழலுக்குள்ளேயே. வெடித்தபின் வெளியே எடுக்க ஒன்றும் இல்லை. மஞ்சு இறங்கினால் மருந்து நமுத்துப் போகும், அது ஒன்றுதான் அதன் நோய். பன்னிரண்டு போர் அப்படியல்ல. அதற்குத் தோட்டா வேண்டும். உலக்கைக்குப் பூண் போட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே காகிதச் சுருள், உள்ளே மருந்தும் ரவையும், அடியில் பித்தளைப் பூண், பூணின் நடுவில் கேப். பிறகு காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது.

பூம்பாறையில் காகிதத் தோட்டா படுத்தும் பாட்டைச் சொல்லி மாளாது. துவைத்த துணி மூன்று நாள் காயாத ஊர் இது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். காகிதத் தோட்டா ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையவே மாட்டேன் என்னும். மச்சான் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். தோட்டாக்களை அடுப்புக்கு நேரே பூண்டு கட்டித் தொங்கவிடும் பரணில், ஆனால் சூடு படாத மூலையில் வைப்பார். மெழுகுவர்த்தியை எடுத்துக் காகிதத்தின்மேல் தேய்ப்பார். காவலுக்குப் போகிற அன்று சாயங்காலம் ஒவ்வொன்றாகக் குழலில் போட்டுப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு இறங்கினால் வலது பை, இடித்தால் திரும்பவும் பரணுக்கு. 1857-ல் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு எவ்வளவு பெரிய நெருப்பை மூட்டியது என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பிரான்ஸ் தேசத்துச் சரித்திரம் படித்த நான் அதை வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் காகிதத்துக்கு ஏன் கொழுப்பு வேண்டியிருந்தது என்பதை மச்சான் கை மெழுகுவர்த்தியைப் பார்த்தபோதே புரிந்துகொண்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் 1870 யுத்தத்தை நடத்தும்போது ஷாஸ்போ துப்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். 1866-ல் வந்த பிரெஞ்சுத் துப்பாக்கி, காகிதத் தோட்டா. பிரஷ்யாக்காரன் துப்பாக்கியைவிட அதிக தூரம் சுடும். ஆனாலும் யுத்தம் போயிற்று. 1874-ல் கிரா என்ற துப்பாக்கியோடு பித்தளைக் கூட்டுக்கு மாறினார்கள். இங்கிலீஷ்காரன் மார்ட்டினி ஹென்றியோடு பட்ட பாடு இன்னொரு விதம். அதன் தோட்டா மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. அடியில் இரும்புத் தட்டு. 1885 ஜனவரியில் சூடான் பாலைவனத்தில் அபு க்ளீ என்ற இடத்தில் சண்டை நடந்தபோது, வெடித்த கூடு குழலுக்குள் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கொக்கி இழுத்தால் இரும்பு அடி மட்டும் பிய்ந்து வந்தது. ஈட்டியோடு எதிரி பத்தடி தூரத்தில் நிற்கும்போது சிப்பாய் கத்திமுனையால் கூட்டை நோண்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதன்பிறகுதான் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கூட்டுக்கு அவர்கள் மாறினார்கள்.

அப்பாவுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இந்தோசீனா. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ஜெர்மானியரிடமிருந்து பிடித்த மௌசர் துப்பாக்கிகளும் பிரெஞ்சுப் படையோடு கப்பலேறி அங்கே போயின. ஜெர்மனியில் யுத்தத்தின்போது செம்புக்குப் பஞ்சம். பித்தளை என்றால் எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். செம்பு இல்லாததால் இரும்பில் கூடு செய்து, துருப்பிடிக்காமலிருக்க வார்னீஷ் அடித்தார்கள். அப்பா அதைப் 'பச்சைத் துய்' என்பார். துய் என்றால் பிரெஞ்சில் கூடு. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொல்வார்: "சுடறப்ப ஒரு குத்தமும் சொல்ல முடியாது. நல்லாத்தான் சுடும். ஆனா மழைக்காட்டுல வார்னீஷ் உரிஞ்ச எடத்துல துரு புடிக்கும். அப்புறம் துய் உள்ளயே நின்னுடும். பூட்ஸ் காலால உதைச்சுத்தான் திறக்கணும். உள்ளே போறத யாரும் பாத்துக்குவாங்கடா, வெளிய வர்றதப் பாக்கணும்." பத்துப் பன்னிரண்டு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பேச்சு எதுவும் மண்டையில் ஏறுவதில்லை.

1989-ஆம் வருஷம் ஆரம்பத்தில் மச்சானும் நானும் தோட்டா வாங்க மதுரைக்குப் போனோம். உரிமப் புத்தகம் அவர் பெயரில். பெட்டியில் இருக்கிற எழுத்தைப் படித்துச் சொல்ல நான். "நீங்க பாத்துச் சொல்லுங்க மாப்ளே, உங்களுக்குத்தான் நாலு பாஷை தெரியுமே" என்றார். என் ஆங்கிலம் பிரெஞ்சுக்கு அப்புறம் கற்ற ஆங்கிலம் என்பது அவருக்குத் தெரியாது. வழக்கமாக வாங்கும் தோட்டா ஒரு விலை. பக்கத்தில் இன்னொரு பெட்டி, சிவப்புப் பிளாஸ்டிக், பளபளவென்று மஞ்சள் பூண், ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் குறைவு. என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மச்சான் அப்போது வாசலில் யாரோ ஊர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். "பூண் ஸ்டீல் சார், மேலே முலாம். அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். மறைக்காமல்தான் சொன்னார்.

அந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு பித்தளைப் பாத்திரத்தை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிக்கொண்டிருந்த காலம். என் வீட்டிலேயே மாமியார் கொடுத்த பித்தளைத் தவலையைப் போட்டு ஸ்டீல் குடம் வாங்கியிருந்தோம். ஸ்டீல் என்றால் உறுதி, களிம்பு ஏறாது, புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். என் மனசில் ஸ்டீல் என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம். விலையும் குறைவு, பொருளும் உசத்தி என்று இரண்டு பெட்டி வாங்கச் சொன்னேன். மிச்சப் பணத்தை எண்ணி மச்சான் கையில் கொடுத்தபோது, "கவர்மெண்டு ஆளுன்னா சும்மாவா" என்று தோளில் தட்டினார். எனக்கு ஒரு சுற்று பெருத்துவிட்டது மாதிரி இருந்தது.

ஊருக்கு வந்து குழலில் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோல இறங்கியது. பிளாஸ்டிக் ஊதாது. மெழுகு வேண்டாம், பரண் வேண்டாம். இனி மஞ்சு என்ன செய்யும் என்று இருவருக்கும் சந்தோஷம்.

1989-ல் ஒரே வருஷத்தில் இரண்டு தேர்தல். ஜனவரியில் சட்டமன்றம், நவம்பரில் நாடாளுமன்றம். தேர்தல் என்றால் உரிமத் துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படிப்பட்ட சுற்றறிக்கைகளை எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன்! இரண்டாம் தடவை ஒப்படைத்துவிட்டு டிசம்பரில் திரும்ப வாங்கி வந்தார். கட்டையையும் குழலையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து ஆணியில் மாட்டினார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்த வாரம். உறைபனி விழுகிற மாதம். லீவில் வந்திருந்த நானும் அவரோடு காவலுக்குப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். கிழங்குத் தோட்டத்தின் மேல் அடுக்கில் குடிசை. இரவு ஒரு மணி இருக்கும். கீழ் அடுக்கில் மண் புரளுகிற சத்தம். மச்சான் டார்ச் அடித்தார். ஏழெட்டு இருக்கும். வழக்கப்படி வானத்தைப் பார்த்து ஒரு வெடி. கூட்டம் கலைந்து ஓடியது. ஒன்று மட்டும் ஓடவில்லை. பெரிய ஆண் பன்றி. வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி மேலே ஏறி வந்தது.

மச்சான் துப்பாக்கியை மடித்தார். கூட்டைத் தூக்கித் தரவேண்டிய கொக்கி பூணின் விளிம்பிலிருந்து நழுவி மேலே வந்துவிட்டது. கூடு உள்ளேயே இருந்தது. நகத்தால் கெல்லினார். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது, இரும்பில் நகம் கீறுகிற சத்தம். "மாப்ளே, வரலையே" என்றார். பயந்துகூட அல்ல, ஆச்சரியமாக. அதற்குள் வந்துவிட்டது. தொடையில் ஒரு வீச்சு. நான் என்ன செய்தேன் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடிசையில் கிடந்த தகர டின்னை எடுத்து வெறி பிடித்தவன் மாதிரி அடித்தேன், கத்தினேன். அது அவரைத் தாண்டி இருட்டில் போய்விட்டது.

கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர் மூட்டைகளை நகர்த்தி இடம் கொடுத்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உயிர் பிழைத்ததற்கு அந்த லாரிக்காரரும் குழந்தை வேலப்பரும்தான் காரணம் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். தசைநார் அறுந்திருந்தது. மச்சானுக்கு அன்றைக்கு நாற்பத்திரண்டு வயது. அதன்பிறகு இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

மறுநாள் நான் மட்டும் துப்பாக்கியை எடுத்து, குழலின் வாய்ப்பக்கமாக ஒரு மூங்கில் குச்சியை விட்டுச் சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது தட்டுக்குத்தான் கூடு விழுந்தது. பூணின் பக்கத்தில் முலாம் கோடு கோடாக உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை.

ஏன் சிக்கியது என்பது எனக்குத் தெளிவாகப் புரிய வருஷங்களாயின. தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆயுதப்படை ஆர்மரர்தான் விளக்கினார். வெடிக்கும்போது கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால்தான் புகையும் நெருப்பும் பின்னால் வராது. அழுத்தம் போன கணமே பித்தளை கொஞ்சம் சுருங்கிச் சுவரை விட்டுவிடும். இரும்பு அந்த அளவு சுருங்காது. விரிந்தது ஏறக்குறைய விரிந்தபடியே நிற்கும். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட டம்ளர் இறுகிக்கொண்டால் வீட்டில் என்ன பாடுபடுகிறோம், அதுதான். சுவர் வழவழப்பாக இருந்தால் இரும்பும் வந்துவிடும். சுவரில் துருப்புள்ளி இருந்தால், விரிந்த இரும்பு அந்தக் குழிகளைப் பற்றிக்கொள்ளும். பித்தளையென்றால் மெத்தென்று வழுக்கியிருக்கும் என்றார்.

"அப்படின்னா ஏ.கே. நாற்பத்தேழுக்கு இரும்புத் தோட்டாதானே கோடிக்கணக்கில் போடறாங்க, அது சிக்கலையே?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். அந்தத் துப்பாக்கியே அந்தத் தோட்டாவுக்காகச் செய்தது. கூடு நேர்க்குழாயாக இல்லாமல் நுனியை நோக்கிச் சரிந்திருக்கும். சரிந்த டம்ளர் ஒரு நூல் அசைந்தால் கழன்றுவிடும் அல்லவா? குழலின் உட்புறம் குரோமியம் பூசியது. கொக்கியும் முரடு. இரும்பு மோசம் என்றில்லை, எந்த வீட்டுக்கு எந்த மருமகள் என்று பார்க்க வேண்டும் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சானின் உரிமத்தை ரத்து செய்யும் கோப்பு என் மேஜைக்கே வந்தது. "உரிமதாரருக்கு இனி ஆயுதம் தேவைப்படவில்லை" என்று குறிப்பு எழுதினேன். சொந்தக்காரர் கோப்பு என்று பக்கத்து மேஜைக்குத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. ஸ்டீல் என்று கடைக்காரர் என்னிடம் சொன்னதை மச்சானிடம் மட்டும் சொல்லவில்லை. மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு தோளில் தட்டிய மனுஷனிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு தேருக்கும் அவர் காலை இழுத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்காருவார். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன்.

டீக்கடையில் சிரித்தார்கள் அல்லவா, அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக்கை அறுத்தெறிந்துவிட்டுப் பூணை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தையும் கொண்டுபோனேன். எதுவும் சொல்லாமல் பூணைக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இது என்ன மாப்ளே, பித்தளை காந்தத்துல ஒட்டுது?"

"பித்தளை இல்ல மச்சான். இரும்பு. கடையிலயே சொன்னாங்க. நான்தான் நல்லதுன்னு நெனச்சு வாங்கச் சொன்னேன்."

கொஞ்ச நேரம் காந்தத்திலிருந்து பூணைப் பிடுங்குவதும் ஒட்டவிடுவதுமாக இருந்தார். பிறகு சொன்னார்: "ஸ்டேஷன்லேர்ந்து வாங்கிட்டு வந்த அன்னிக்கே குழலை வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன் மாப்ளே. உள்ளார தோட்டா உக்கார்ற எடத்துல செவப்பாத் துரு. மண்ணெண்ணெய்த் துணி வெச்சு இழுக்கணும்னு நெனச்சேன். பொங்க வேலை. கழிச்சுப் பாத்துக்கலாம்னு வெளியில மட்டும் எண்ணெயத் தொடச்சு மாட்டிட்டேன். உங்க தங்கச்சிகிட்டகூடச் சொல்லல. சொன்னா, ஒங்க சோம்பேறித்தனத்துக்கு மாப்ளே உயிரும்ல போயிருக்கும்னு திட்டுவா."

முப்பத்தைந்து வருஷம் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.

என் தங்கை முறையாகிற அவர் மனைவி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் என்ன காந்தத்த வெச்சு வெளையாடுறீங்க?" என்றாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவள் உள்ளே போனதும் மச்சான் தன் கைத்தடியைத் திருப்பி, அதன் முனையில் அந்தப் பூணை வைத்துப் பார்த்தார். பழைய பூண் எப்போதோ தேய்ந்து விழுந்துவிட்டது.

"கொஞ்சம் பெரிசா இருக்கு மாப்ளே. துணி சுத்தி அடிச்சா நிக்கும்" என்றார்.